மூவரி அணிலும் மூன்று துறைகளும்

2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாடு சில நாட்களுக்கு அணிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கலாம். மின்தடை ஏன் இத்தனை அடிக்கடி வருகிறது என்ற கேள்விக்கு அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி அளித்த விடைதான் காரணம். செடிகொடிகள் வளர்ந்து கம்பியைத் தொடுகின்றன, அவற்றின் மேல் அணில் ஓடுகிறது, இரு கம்பிகள் ஒன்றோடொன்று பட்டு மின்தடை உண்டாகிறது என்றார் அவர். பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் அதைக் கேலி செய்தார். கேலிப்படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. ஆசிரியர் அறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஆளுக்கோர் அணில் நகைச்சுவை வைத்திருந்தார்கள்.

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அமைச்சர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஒற்றைக் கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு கால் மின்னோட்டமுள்ள கம்பியிலும் மறு கால் நிலத்தோடு இணைந்த இரும்புச் சட்டத்திலும் படும்படி ஓடுகிற அணிலின் உடலே கம்பியாகிவிடுகிறது. அணில் கருகுகிறது, ஃபியூஸ் போகிறது. அமெரிக்காவில் 1987 டிசம்பரில் ஓர் அணிலால் ஏற்பட்ட மின்தடையில் நாஸ்டாக் பங்குச்சந்தை 82 நிமிடங்கள் நின்றது. 1994 ஆகஸ்டில் வேறோர் அணில் அதே சந்தையை மீண்டும் நிறுத்தியது. உலகின் பெரும் பணம் புழங்குமிடத்தையே நிறுத்திய பிராணிக்கு ஆலங்காயத்துத் தெருவிளக்கு எம்மாத்திரம்?

ஆகவே என் சண்டை சிரித்தவர்களோடும் அல்ல, அமைச்சரோடும் அல்ல. அந்த விடையில் இன்னொரு பாதி இருந்தது. மாதக்கணக்கில் பராமரிப்புப் பணிகள் நடக்கவில்லை என்றும் அவர் சொன்னார். தமிழ்கூறு நல்லுலகம் அணிலைப் பிடித்துக்கொண்டு பராமரிப்பை விட்டுவிட்டது. கொடியை வெட்டாதவர் யார், கிளையைக் கழிக்காதவர் யார் என்று கேட்பதைவிட அணிலைப் பார்த்துச் சிரிப்பது சுகமாக இருந்தது. வெட்டாத கிளையின் மேல் ஓடியது அணில். கிளையை வெட்டாமல் விட்டது அணில் அல்லவே.

இந்த மனநிலையைத்தான் எங்கள் ஊரில் நான் நாள்தோறும் பார்க்கிறேன். ஆலங்காயம் ஏலகிரிக்கும் சவ்வாது மலைக்கும் நடுவே, காட்டை ஒட்டிக் கிடக்கும் பேரூராட்சி. வேலூர் மாவட்டத்தில் இருந்தது, 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. தென்னையும் புளியும் வேம்பும் அடர்ந்த ஊர்ப்புறம். (மலைமேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. ஊரில் விளக்கு அணைந்தால் மகிழக்கூடியவர்கள் அங்கிருக்கும் வானியலாளர்கள் மட்டுமே. அவர்களுக்கும் தொலைநோக்கியைத் திருப்ப மின்சாரம் வேண்டும் என்பது வேறு விஷயம்.) வீடுகள் மரத்தை நோக்கி நகர்ந்து வந்திருக்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன் தோப்பாக இருந்த இடத்தில் இன்று மனைப்பிரிவு. மரத்தை வெட்டி வீடு கட்டிக்கொண்டு, மொட்டைமாடிக்கு அணில் வருகிறது என்று குறைபடுகிறோம்.

அணில் தொல்லை தருவதே இல்லை என்று நான் வாதிடப்போவதில்லை. தருகிறது. இளங்காயைத் துளைத்துப் பாழாக்குகிறது. மாடியில் காயும் வற்றலையும் தானியத்தையும் கலைக்கிறது. ஏசி வெளிப்பெட்டிக்குள் தேங்காய் நாரும் பஞ்சும் கிழிந்த துணியும் கொண்டு கூடு கட்டுகிறது. வயரைக் கடிக்கிறது. கொறிக்கும் இனத்தின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, தேய்த்தே ஆகவேண்டும். அதற்குத் தென்னை மட்டையும் ஒன்று, இன்வெர்ட்டர் வயரும் ஒன்று. ஒரு சிறு விவசாயிக்குப் பத்து மரத்தில் காய் விழுந்தால் அது வீட்டுக் கணக்கில் தெரியும். அதை இழப்பல்ல என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

இழப்பு உண்மை என்றால் பரிகாரமும் உண்மையாக இருக்கவேண்டும். கடையில் நமக்குக் கிடைக்கும் பரிகாரம் என்ன? எலிக்கென்று விற்கிற பசை அட்டை. இருபுறமும் விரிக்கும் புத்தகம் போன்ற அட்டை, உள்ளே உலராத பசை. எலிக்கு வைத்தது என்பார்கள், வைத்த இடம் அணில் ஓடும் மதில் மேலாக இருக்கும். அதில் ஒட்டிய பிராணி உடனே சாவதில்லை. இழுக்க இழுக்க உரோமம் பிடுங்கும், தோல் கிழியும், வாயும் மூக்கும் பசையில் பதியும். மணிக்கணக்கில், சிலபோது ஒரு பகல் முழுதும், தாகத்தாலும் களைப்பாலும் சாகும். பார்க்கச் சகிக்காமல் அட்டையை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவோம். மடித்துவிட்டால் நாம் கொல்லவில்லை என்று ஆகிவிடுகிறது. கத்தியும் இல்லை, குருதியும் இல்லை. அட்டைக்குள் என்ன நடக்கிறது என்பது அட்டைக்குத்தான் தெரியும்.

இந்த அட்டை கூடாதென்று இந்திய விலங்குகள் நல வாரியம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பல மாநிலங்கள் தடைச் சுற்றறிக்கையும் விட்டிருக்கின்றன. அந்த வாரியம் பிறந்த கதை நம்மூர்க் கதை. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சியே வளர்ந்து 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடைச் சட்டமாயிற்று. 1962இல் வாரியம் அமைந்தபோது அவரே தலைவர். பல்லாண்டுகள் சென்னையில் இயங்கிய தலைமையகம் இன்று ஹரியானாவில் இருக்கிறது. அந்தச் சட்டம் வதைக்கு விதிக்கும் தண்டனையைப் பாருங்கள். முதல் குற்றத்துக்குக் குறைந்தது 10 ரூபாய், மிகுந்தால் 50 ரூபாய் அபராதம். ஆறு பத்தாண்டுகளைக் கடந்தும் அந்த எண் அசையவில்லை. ஒரு பசை அட்டையின் விலையே அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

இங்கே என் சொந்தக் குலத்தாரிடம், தமிழ் படித்தவர்களிடம், கொஞ்சம் கடுமையாகப் பேச விரும்புகிறேன். அணிலைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர்களை வகுக்கும்போது கீரி, பூனை, எலி ஆகியவற்றோடு அணிலையும் சேர்த்துக் ‘குட்டி’ என்ற பெயருக்கு உரியதாக்குகிறது. அணிலைச் சும்மா சொல்லாமல் மூன்று வரி உடையது என்ற அடைமொழியோடு சொல்கிறது. வடநாட்டில் ஐந்து வரி அணில் உண்டு, தென்னாட்டில் பரவலாக ஓடுவது மூவரி அணில். இலக்கணம் எழுதியவர் முற்றத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். புறநானூற்றில் கணவனை இழந்த பெருங்கோப்பெண்டு, வெள்ளரிக்காயின் வரிக்கு அணிலின் வரியை உவமை சொல்கிறாள். தொண்டரடிப்பொடி ஆழ்வார் கடலை அடைக்க முயன்ற அணிலின் கள்ளமின்மையைத் தனக்கில்லாத குணமாகச் சொல்லி ஏங்குகிறார். இராமன் தடவிய மூன்று கோடு அந்தப் பாசுரத்தில் இல்லை, வான்மீகத்தில் அணிலே இல்லை என்பதையும் வகுப்பில் சொல்லி, மாணவர் வியக்க நாமும் மகிழ்வோம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குறுந்தொகையின் 41ஆம் பாட்டு. பாடியவர் இயற்பெயர் தொலைந்து, பாட்டில் வந்த ஓர் உவமையாலேயே அணிலாடு முன்றிலார் என்று பெயர் பெற்றார். காதலன் பிரிந்த தன் நிலையைத் தலைவி, மக்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் ஆடும் காட்சியோடு வைத்துச் சொல்கிறாள். ஆள் இல்லாத இடத்துக்குத்தான் அணில் வரும் என்பது அந்தப் பாட்டு நிற்கும் நிலம். இரண்டாயிரம் ஆண்டுகளில் அந்த நிலம் தலைகீழாகியிருக்கிறது. அன்று மனிதர் போன பின் அணில் வந்தது. இன்று அணில் இருந்த இடத்துக்கு மனிதர் வந்திருக்கிறோம். இந்தப் பாட்டைக் காலையில் நடத்திவிட்டு மாலையில் மளிகைக் கடையில் பசை அட்டை வாங்குகிறவர்களை நான் அறிவேன். கருணை இல்லாதவர்கள் அல்லர் அவர்கள். அணில்மேல் அவர்கள் வைத்த அன்பு முழுதும் பாட்டோடு நின்றுவிட்டது, அவ்வளவே.

பேச்சுவழக்கு நம்மைவிட நாணயமானது. அணிற்பிள்ளை என்கிறது, கீரிப்பிள்ளை என்கிறது, தென்னம்பிள்ளை என்கிறது. காயைக் கொறிப்பதும் பிள்ளை, காயைத் தருவதும் பிள்ளை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழக்கு வந்தால் தாய் என்ன செய்வாளோ அதைச் செய்யவேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அண்மைக் காலத்தில் அரசியல் மேடைகளில் ‘அணில்’ ஒரு வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது என்பதை வருத்தத்தோடு குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

சென்ற ஆண்டு என் சக ஆசிரியர் ஒருவர், ஆம்பூர்த் தொழிற்சாலை ஒன்றின் காலணிப் பெட்டியில் மூன்று அணிற்குட்டிகளைக் கொண்டுவந்தார். கண் திறவாதவை. வீட்டை இடித்துக் கட்டும்போது கூடு விழுந்துவிட்டது, தாய் வரவில்லை. நான் மூன்று அலுவலகங்களுக்குத் தொலைபேசினேன். முதலாவது அலுவலகத்தில், இது கால்நடை அல்ல என்றார்கள். உண்மைதான், கால்நடை என்பது மாடும் ஆடும். இரண்டாவதில், காட்டு விலங்கானால் எடுத்துக்கொள்வோம், ஊருக்குள் இருக்கும் அணிலுக்கு எங்களிடம் ஏற்பாடில்லை என்றார்கள். மூன்றாவதில், நாய் என்றால் வண்டி அனுப்பச் சொல்லி எழுதலாம், அணிலுக்கு இனமில்லை என்றார்கள். இனம் என்று அவர்கள் சொன்னது செலவினம். எவரும் கடுமையாகப் பேசவில்லை. எல்லாருமே வருத்தத்தோடுதான் சொன்னார்கள். நான் அணில் ஏறவிட்ட நாய்போல நின்றேன். இரண்டு குட்டிகள் அன்றிரவே இறந்தன. மூன்றாவது பிழைத்தது, அதற்குக் காரணம் ஆசிரியரின் தாயார், அரசாங்கம் அன்று.

முதுகில் மூன்று வரி உள்ள பிராணிக்கு மூன்று துறைகள் இருக்கின்றன. மூன்றும் அதைத் தொடவில்லை. இது தனி மனிதர்களின் குறை அன்று என்பதால்தான் இதை எழுதுகிறேன். கேட்பதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பிராணி வதைத் தடுப்புச் சங்கங்களை அமைப்பதற்கான மத்திய அரசின் விதிகள் 2001இல் வந்தன. மாவட்டந்தோறும் ஒரு சங்கத்தை ஆறு மாதங்களுக்குள் மாநில அரசு நிறுவவேண்டும், மருத்துவமனைக்கும் காப்பகத்துக்கும் நிலமும் வசதியும் தரவேண்டும், காப்பகத்தில் முழுநேரக் கால்நடை மருத்துவர் இருக்கவேண்டும் என்கின்றன அவை. ஆறு மாதங்கள்! இருபதாண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. மூன்று குட்டிகளோடு நான் நின்ற பிற்பகலில், அப்படி ஒரு கதவை எனக்குக் காட்ட எவராலும் முடியவில்லை. சென்னைக்குப் போங்கள் என்றார்கள். சென்னையில் 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் இருக்கிறது. நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடும் வழியை அவர்கள் 1964லேயே கைக்கொண்டார்கள். மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. மதிப்புக்குரியவர்கள். கண் திறவாத குட்டி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பேருந்தில் உயிரோடு போய்ச் சேருமா?

காப்பகம் என்ற சொல் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்சநீதிமன்றம், அதே மாதத்தில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்தில் விடச் சொன்னது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் அதற்கு விலக்கு. நவம்பர் 7 அன்று மீண்டும் ஓர் ஆணை வந்தது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்கவேண்டும், திரும்ப அங்கே விடக்கூடாது. ஆணையின் நன்மை தீமையை நான் இங்கே விவாதிக்கவில்லை. ஆசிரியர் அறையில் அன்று எழுந்த கேள்வி ஒன்றுதான், எந்தக் காப்பகம்? நீதிமன்றத்தின் தாளில் இருக்கும் காப்பகத்துக்கும் ஆலங்காயத்தின் தெருவுக்கும் நடுவே கட்டடம் இல்லை. கட்டடம் இல்லாத இடத்தில் ஆணை வந்தால், நாயை ஏற்றிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு வருவார்கள். பிறகு அது மலைவாழ் மக்களின் ஆட்டையும் கோழியையும் கடிக்கும். தொல்லையைத் தீர்ப்பது என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொல்லையை நம்மினும் எளியவர் வாசலுக்கு நகர்த்துவதுதான்.

எதிர்வாதங்களை அறிவேன். ஒன்று, தோல் பதனிடும் வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜீவகாருண்யம் பேசுகிறாயா என்பது. வாணியம்பாடியும் ஆம்பூரும் தோலால் வாழும் ஊர்கள், என் மாணவர் பலரின் கல்விக்கட்டணம் அந்தத் தொழிற்சாலைகளிலிருந்தே வருகிறது. நான் செருப்பணிகிறேன், அது எங்கிருந்து வந்தது என்றும் அறிவேன். ஆனால் இந்த வட்டாரம் வேறொன்றையும் கண்டிருக்கிறது. தோல் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், வேலூர் மக்கள் நல மன்றத்தின் மனுவின்மேல், உச்சநீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு நாடெங்கும் சட்டக்கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையை இந்த மண்ணின் வழக்கிலும் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தொழிலை மூடிவிடு என்று அது சொல்லவில்லை. உன் தொழிலின் கழிவுக்கு நீ பொறுப்பேற்றுக்கொள் என்றது. மரத்தை வெட்டிய மனைப்பிரிவுக்கும், கிளை கழிக்காத மின்பாதைக்கும், மூடாத குப்பைத்தொட்டிக்கும் அதையே நான் சொல்கிறேன்.

இன்னொன்று, மனிதனுக்கே வழியில்லாதபோது அணிலுக்கா என்பது. நாய்க்குத் தடுப்பூசி போடுவது மனிதன் வெறிநோயில் சாகாமலிருக்க. மின்பாதையில் கிளை கழிப்பது மனிதன் இருட்டில் இராமலிருக்க. அணில் கடித்தால் வெறிநோய் வரும் என்று அஞ்சிக் குட்டியை மிதித்துக் கொல்கிறார்கள். சிறு கொறிப்பிராணிகளிடமிருந்து மனிதருக்கு அந்நோய் தொற்றுவது ஏறத்தாழ இல்லை என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடித்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவி மருத்துவரைப் பார்த்தால் போதும் என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் இருந்தால், அந்த ஆள் மனிதனுக்கும் பயன்படுவார்.

மூன்றாவது வாதம் நேர்மையானது. எல்லாவற்றையும் கொன்று தீர்த்துவிட்டால் என்ன? பிரிட்டனில் செய்து பார்த்தார்கள். 1876இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில் பெருகி, அந்நாட்டுச் சிவப்பு அணிலை ஒடுக்கியது. 1950களில் ஒரு வாலுக்கு ஒரு ஷில்லிங் என்று அரசே விலை வைத்தது, பின்பு இரண்டாக உயர்த்தியது. வால்கள் குவிந்தன, அணில் குறையவில்லை. 1958இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஓர் அணிலை எடுத்துவிட்டால் அதன் மரம் காலியாகிறது, காலி மரத்துக்கு அடுத்த அணில் வருகிறது. அங்கே அணில் வந்தேறி, அப்படியும் முடியவில்லை. இங்கே மூவரி அணில் மண்ணின் மகன்.

அப்படியானால் என்னதான் வேண்டும் என்கிறீர்களா? சலிப்பூட்டும் சில காரியங்கள் வேண்டும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுதும் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், கம்பியைத் தொடும் கிளையும் கொடியும் உண்மையாகவே கழிக்கப்படவேண்டும். மின்மாற்றியின் இணைப்பு முனைகளுக்குக் காப்புறை இடவேண்டும், அது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அன்று. தோப்புக்காரர்களுக்குத் தென்னையில் ஆளுயரத்துக்கு மேல் தகரப் பட்டை சுற்ற உதவி வேண்டும், பக்கத்து மரத்தின் மட்டை உரசாத இடங்களில் அது நன்றாகவே தடுக்கும். வீட்டில் கூடு கட்டியிருந்தால், குட்டி வளர்ந்து வெளியேறும் வரை சில வாரங்கள் பொறுத்து, பிறகு துளையைக் கம்பி வலையால் அடைக்கவேண்டும். குட்டி உள்ளே இருக்கும்போது அடைத்தால் தாய் சுவரையே பிறாண்டும். விழுந்த குட்டியைத் துணியில் பொதிந்து சூடாக வைத்து, திறந்த பெட்டியோடு அதே மரத்தடியில் பூனை எட்டாத உயரத்தில் வைத்தால், தாய் பெரும்பாலும் வந்து கவ்விக்கொண்டு போகும். பசும்பால் கொடுக்கக்கூடாது. இவ்வளவும் ஒரு பக்கத் துண்டறிக்கையில் அடங்கும்.

அந்தத் துண்டறிக்கையை எழுதித் தருவதற்குக் கல்லூரியில் இருக்கிறோம். ஆனால் துண்டறிக்கையின் அடியில் அச்சிடுவதற்கு ஒரு தொலைபேசி எண் வேண்டும். கால்நடை மருந்தகத்தின் ஒரு மூலையில், இரண்டு கூண்டுகளும் ஒரு விளக்கும் வைக்கிற அளவு இடமும், அணில் என்றாலும் மைனா என்றாலும் ‘இது எங்கள் வேலை’ என்று சொல்ல ஒருவரும் வேண்டும். மாவட்டச் சங்கம் அமைப்பது ஆட்சியர் அளவிலான காரியம், அதற்குத் தனி மனு. பேரூராட்சி மன்றத்தின் முன் வைக்க நாங்கள் எழுதியிருக்கும் மனுவில் மூன்றே கோரிக்கைகள்: அந்த மூலை, அந்த எண், பராமரிப்பு நாளில் எந்தெந்தத் தெருவில் கிளை கழிக்கப்பட்டது என்று மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் ஒரு தாள். இதுவரை நாற்பத்தோரு கையொப்பங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் தமிழாசிரியர் கையொப்பம் நான்கு.